பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூன்று ஃபிளாஷ்: வீட்டு ஸ்டூடியோவுக்குச் செலவு குறைந்த ஒளியமைப்பு

வீட்டில் ஸ்டூடியோ போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு பவர் உள்ள ஃபிளாஷ் வாங்க வேண்டும்?" என்பதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி படுக்கையறையில் பவர் ஒரு பிரச்சினையே இல்லை. பேட்டரியில் ஓடும் சாதாரண ஃபிளாஷே அங்கே தேவைக்கு மேல். உண்மையான சிக்கல், வெளிச்சம் நாம் சொன்ன இடத்தில் நிற்காமல் சுவர், கூரை, தரை, பீரோ கதவு எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வருவது. அதனால் இந்த வழிகாட்டியில் ஃபிளாஷ் வாங்குவதற்குக் கொஞ்சம் இடமும், வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவதற்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறோம். எடுத்துக்கொண்ட அமைப்பு இது: ஒருவரை மார்பளவு அல்லது இடுப்பளவு எடுக்கும் போர்ட்ரெய்ட், மூன்று ஃபிளாஷ், அவற்றைக் கேமராவிலிருந்து கம்பியில்லாமல் அடிக்க வைக்கும் ஒரு ரேடியோ டிரிக்கர். புடவை, சுடிதார் விற்பவர்களுக்குத் தேவையான முழு உருவப் படத்துக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது தனியாக வருகிறது.

எதில் செலவு, எதில் சிக்கனம்

மேனுவல் ஃபிளாஷ் போதும். டிடிஎல் என்ற தானியங்கி அளவீடு, ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும் கல்யாண மண்டபத்தில் கைகொடுக்கும். ஸ்டூல் நகராத அறையில் அதற்குக் கொடுக்கும் பணம் வீண். காட்டாக்ஸ் டிடி600, யாங்நுவோ ஒய்என்560-IV போன்றவற்றில் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருப்பதால் தனி ரிசீவர் வேண்டாம். கேமரா நிறுவனத்தின் ஒரே ஓர் உயர்ரக ஃபிளாஷ் வாங்கும் விலையில் இப்படி மூன்றும் டிரிக்கரும் வாங்கிவிடலாம். ஒரே நிறுவனத்தின் ஃபிளாஷும் டிரிக்கரும் வாங்குங்கள். காட்டாக்ஸ் டிரிக்கருக்கு யாங்நுவோவின் ரேடியோ புரியாது. டிரிக்கரை மட்டும் உங்கள் கேமராவுக்கான மாடலாகப் பார்த்து எடுக்க வேண்டும். கேனன், நிக்கான், சோனி ஒவ்வொன்றுக்கும் தனி மாடல் உண்டு. ஸ்டாண்டில் ரிசீவராக நிற்கும் டிடி600-க்கு அந்த வேறுபாடு கிடையாது, கேமராவை மாற்றினாலும் அதே ஃபிளாஷ்கள் உழைக்கும்.

ஃபிளாஷின் வலுவைச் சொல்லப் பெட்டியில் போட்டிருக்கும் 'கைடு நம்பர் 60' என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 200 மிமீ ஜூமில், ஐ.எஸ்.ஓ 100-இல், மீட்டரில் அளந்தது. வெளிச்சத்தை மென்மையாக்க மாட்டும் ஸ்டூடியோக் குடைக்குள் அடிக்கும்போது ஜூம் 35-க்கு வந்துவிடும், குடையும் தன் பங்குக்கு வெளிச்சத்தைத் தின்னும்.

பணம் போட வேண்டிய இன்னொரு இடம் செல்கள். ஒரு ஃபிளாஷுக்கு நான்கு பென்சில் செல் வீதம் மூன்றுக்குப் பன்னிரண்டு, பெரும்பாலான டிரிக்கர்களுக்கு இரண்டு, கையிருப்பு நான்கு. ஆகப் பதினெட்டு. ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில், 2000 எம்ஏஹெச் அளவில் வாங்குங்கள். செல்லின் மேல் 1.2 வோல்ட் என்றுதான் இருக்கும், அது குறை அல்ல. ஃபிளாஷ் மறுபடி நிரம்பும்போது மின்சாரத்தை மளமளவென்று இழுக்கும், அதை இந்தச் செல்கள் தாங்கும். கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் அப்போது தளர்ந்து, ஃபிளாஷ் தயாராக நிமிடக் கணக்கில் காக்க வைக்கும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர் வேண்டும். நான்கு நான்காக எண் எழுதி, அந்த நான்கும் எப்போதும் ஒரே ஃபிளாஷில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது சீக்கிரம் காலியாகி மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

சிக்கனம் செய்யக்கூடியவை நிறைய. நிழலை மெலிதாக்கும் நிரப்பு வெளிச்சத்துக்கு ஒரு தெர்மாகோல் அட்டை. பின்னணிக்குச் சுருக்கம் நீக்கி இஸ்திரி போட்ட காடா துணி, தொங்கவிட ஒன்றரை அங்குல பிவிசி குழாய். வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புத் துணியும் கறுப்பு சார்ட் பேப்பரும். ஸ்டாண்டுக்கு எடையாக மூன்று நான்கு கிலோ ஆற்று மணல் போட்டு வாய் தைத்த அரிசிப் பை. ஆனால் ஸ்டாண்டிலும், ஃபிளாஷைப் பிடிக்கும் எஸ்-வகை பிராக்கெட்டிலும் மிகவும் மலிவானதை எடுக்காதீர்கள். வழுக்கும் திருகு உள்ள ஸ்டாண்ட் ஒருமுறை சரிந்தால் மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் ஃபிளாஷில் போய்விடும்.

வீட்டில் ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் கிடந்தால் அதைக் கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் மாட்டாதீர்கள். சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், இன்றைய கேமராவின் மின்சுற்று அதில் கருகலாம். எந்த ஃபிளாஷையும் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். செல்லைக் கழற்றிய பிறகும் நிற்கும்.

அறையைத் தயார் செய்தல்

பன்னிரண்டடி நீளத்தைப் படம் எடுக்கும் திசையாக வையுங்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் பின்னணித் துணி. துணியிலிருந்து நாலரை அடியில் ஆள் உட்காரும் ஸ்டூல். அங்கிருந்து ஆறடியில் கேமரா. உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓரடி மிஞ்சும். சற்றுச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மிமீ வைத்தால் இந்த ஆறடியில் தலையிலிருந்து இடுப்பு வரை வரும். 18-55 கிட் லென்ஸே போதும், நாம் எடுக்கப் போவது எஃப் 5.6 அபெர்ச்சரில்தான் (லென்ஸ் திறப்பு). ஆளுக்கும் துணிக்கும் நடுவே உள்ள நாலரை அடியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆள் துணியை ஒட்டி நின்றால் முகத்துக்கான வெளிச்சமும் பின்னணிக்கான வெளிச்சமும் ஒன்றாகிவிடும், மூன்று ஃபிளாஷ் வைத்தும் பிரிக்க முடியாது.

சுவர் நிறம் அடுத்த தொல்லை. நம் வீடுகளில் இளம்பச்சையும் ரோஸும் வான நீலமும் அடித்திருப்பார்கள். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கன்னத்தில் அதே சாயத்தைப் பூசும். முகத்தின் ஒரு பாதி சரியாகவும் மறுபாதி பச்சையாகவும் இருந்தால் எடிட்டிங்கில் ஒரு ஸ்லைடரை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஆளின் இரு பக்கச் சுவர்களிலும் ஆறடி அகலத்துக்குத் துணி தொங்கவிடுங்கள். நிழல் ஆழமாக வேண்டுமானால் கறுப்பு, மென்மையாக வேண்டுமானால் வெள்ளை. ஜன்னலுக்குத் தடிமனான திரை போடுங்கள், டியூப் லைட்டை அணையுங்கள். ஃபோகஸ் செய்ய ஒரே ஒரு சிறிய பல்பு எரியட்டும். மின்விசிறி மெதுவாக ஓடலாம். வேகமாக ஓடினால் குடை திரும்பும், துணி அலையும்.

கேமராவில் அமைக்க வேண்டியவை

மேனுவல் மோட். ஐ.எஸ்.ஓ 100, ஷட்டர் 1/160, எஃப் 5.6. ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஃபிளாஷ் குறியில் வையுங்கள், அல்லது 5500 கெல்வின் என்று கொடுங்கள். கோப்பு ரா வடிவில்.

ஷட்டர் ஏன் 1/160? கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள். குறிப்பிட்ட வேகம் வரைதான் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். பல கேமராக்களில் அந்த எல்லை 1/200, சிலவற்றில் 1/250 அல்லது 1/160. அதைத் தாண்டினால் இரண்டாம் திரை பாதி மூடிய நிலையில் ஃபிளாஷ் அடித்து, படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ரேடியோ டிரிக்கர் துளி தாமதிக்கும் என்பதால் எல்லையை ஒட்டிப் போகாமல் ஒரு படி கீழே நிற்பது நல்லது. ஷட்டரை மெதுவாக்கினால் ஃபிளாஷ் வெளிச்சம் கூடாது, அறை வெளிச்சம்தான் கூடும். ஃபிளாஷ் வெளிச்சத்தை மாற்ற அபெர்ச்சர், ஐ.எஸ்.ஓ, ஃபிளாஷின் பவர், தூரம் என்ற நான்கைத்தான் தொட வேண்டும்.

இப்போது டிரிக்கரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் ஜன்னலிலிருந்தோ பல்பிலிருந்தோ வெளிச்சம் கலக்கிறது, அதை அடைத்த பிறகே மேலே போங்கள். இந்த ஒரு சோதனையைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிறகு "நிறம் சரியாக வரவில்லை" என்று மணிக்கணக்கில் தேடுகிறார்கள்.

மிரர்லெஸ் கேமராவில் இந்த அமைப்பை வைத்தவுடன் திரையே இருண்டுவிடும். கேமரா கெட்டுவிடவில்லை. வரப்போகும் எக்ஸ்போஷரைத் திரையில் காட்டும் வசதியை மெனுவில் அணைத்துவிடுங்கள், அறை பளிச்சென்று தெரியும். சைலன்ட் ஷட்டரையும் அணையுங்கள், பல கேமராக்களில் அது இயங்கும்போது ஃபிளாஷ் அடிக்காது.

டிரிக்கரில் மூன்று ஃபிளாஷுக்கும் ஒரே சானல், வேறு வேறு குரூப்: முகத்துக்கு ஏ, கூந்தலுக்கு பி, பின்னணிக்கு சி. ஒவ்வொன்றையும் கேமராவிலிருந்தே கூட்டிக் குறைக்கலாம், அணைக்கலாம். காட்டாக்ஸ் டிரிக்கரானால் மெனுவில் தூரத்தை 0-30 மீட்டர் என்று மாற்றுங்கள். 1-100 மீட்டரில் விட்டால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஃபிளாஷ் சில சமயம் அடிக்காமல் போகும். சின்ன அறையில் "அவ்வப்போது ஒன்று விட்டுப்போகிறது" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் ஃபிளாஷ்: முகம்

மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். ஏ குரூப் மட்டும் எரியட்டும். இந்த ஒன்றிலேயே பார்க்கத் தகுந்த படம் வர வேண்டும். வராவிட்டால் மற்ற இரண்டும் அதைக் காப்பாற்றாது.

குடையில் இரண்டு வகை உண்டு. வெள்ளைத் துணி வழியாக வெளிச்சத்தை ஊடுருவ விடுவது ஒன்று. உட்புறம் வெள்ளியோ வெள்ளையோ, வெளிப்புறம் கறுப்பு என்று திருப்பி அனுப்புவது இன்னொன்று. ஊடுருவும் குடை அழகான மென்மை தரும், ஆனால் கணிசமான வெளிச்சம் பின்பக்கமாகத் தெறித்து அறை முழுவதும் பரவும். பெரிய கூடத்தில் பரவாயில்லை, பத்தடி அகல அறையில் சுவர்களெல்லாம் விளக்காகிவிடும். ஒன்றே ஒன்று வாங்குவதானால் 43 அங்குல அளவில், கறுப்பு உறையைக் கழற்றி மாட்டக்கூடிய வெள்ளைக் குடை. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் தேன்கூட்டு வலையோடு வரும் 60-80 செமீ சாஃப்ட்பாக்ஸ் என்ற துணிப் பெட்டி. சின்ன அறைக்கு எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

ஸ்டாண்டை ஆளின் ஒரு பக்கம், கேமராவின் கோட்டிலிருந்து 45 பாகை தள்ளி வையுங்கள். குடையின் மையம் கண் மட்டத்துக்கு ஓரடி மேலே, முகத்திலிருந்து மூன்றடியில். ஃபிளாஷ் ஜூம் 35. பவர் 1/8-இல், அதாவது முழு பவரில் எட்டில் ஒரு பங்கில் தொடங்குங்கள். படம் எடுத்து, அதன் வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள், நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்துப் போகாமல் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் 1/16, அல்லது 1/4. ஒவ்வொரு படியும் சரியாக இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப். மூக்கின் நிழல் வாயோரத்தை நோக்கிச் சரிந்து, உதட்டைத் தொடாமல் நின்றால் உயரம் சரி. கண்ணில் வெளிச்சப் புள்ளி இல்லையென்றால் விளக்கு உயரமாகிவிட்டது. கண்ணாடி போட்டவரானால் விளக்கை உயர்த்தி, கண்ணாடியின் காது முனையை ஒரு நூல் தூக்கச் சொல்லுங்கள், பிரதிபலிப்பு கீழே போய்விடும்.

மாநிறமும் கருநிறமும் உள்ள முகத்துக்குப் பலர் பவரை ஏற்றுகிறார்கள். அது தவறு. முகம் சாம்பல் பூத்தது போல் ஆகும், வெள்ளைச் சட்டை வெந்து போகும். கருஞ்சருமத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மேல் விழும் மினுமினுப்பு. விளக்கைப் பெரிதாக்குங்கள், அருகே கொண்டுவாருங்கள், இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். கன்ன எலும்பிலும் நெற்றியிலும் அகலமான மென்பளபளப்பு விழுந்ததும் சருமம் அதன் சொந்த நிறத்திலேயே ஒளிரும்.

மூன்றடித் தூரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறையும். விளக்கு முகத்துக்கு மூன்றடியில் இருந்தால் பின்னணி அதற்கு ஏறக்குறைய ஏழரை அடியில் இருக்கிறது. முகத்துக்குக் கிடைப்பதில் ஆறில் ஒரு பங்குதான் துணிக்குப் போகும், இரண்டரை ஸ்டாப் கம்மி. வெள்ளைக் காடா துணி சாம்பல் நிறமாகத் தெரியும். அதே விளக்கை ஆறடிக்குத் தள்ளினால் வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்பாகச் சுருங்கி, துணி வெளுக்கத் தொடங்கும். பின்னணியின் நிறத்தை மாற்ற முதலில் தூரத்தை மாற்றிப் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது.

மறுபக்க நிழலுக்குத் தெர்மாகோல் அட்டையை முகத்திலிருந்து இரண்டடியில் நிறுத்துங்கள். நெருக்கினால் நிழல் மெலியும், விலக்கினால் கனக்கும். அட்டையின் மறுபுறம் கறுப்பு சார்ட் ஒட்டி வைத்தால், திருப்பி வைத்து நிழலை ஆழமாக்கவும் அதே அட்டை உதவும்.

அட்டை போதாமல் ஃபிளாஷையே நிரப்பு வெளிச்சமாக வைக்கும்போது, "முகத்துக்கு 1/8, நிரப்புக்கு 1/32" என்று எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டின் தூரமும் குடையும் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண் இரண்டு ஸ்டாப் வித்தியாசம் தரும். முகத்து விளக்கை அணைத்து, நிரப்பை மட்டும் எரியவிட்டு, ஐ.எஸ்.ஓ-வை 400-க்கு ஏற்றி ஒரு படம் எடுங்கள். அது சரியான வெளிச்சத்தில் வந்தால் நிரப்பு இரண்டு ஸ்டாப் கீழே இருக்கிறது என்று பொருள். ஃபிளாஷ் மீட்டர் இல்லாமலே விகிதத்தை அளக்கலாம். பிறகு ஐ.எஸ்.ஓ-வை 100-க்கு இறக்க மறக்க வேண்டாம்.

இரண்டாவது: கூந்தலும் தோளும்

கறுத்த கூந்தல் கருமையான பின்னணியில் கரைந்துபோகும். அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்த விளக்கு. முகத்து விளக்குக்கு எதிர்மூலையில், ஆளுக்குப் பின்னால், ஏழடி உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். குடை வேண்டாம். ஜூம் 105, பவர் 1/32.

வெறும் ஃபிளாஷாக விட்டால் வெளிச்சம் லென்ஸுக்குள் விழுந்து படம் முழுவதும் புகை மூட்டமாகும். கறுப்பு ஸ்ட்ராக்களை நாலு செமீ நீளத்துக்கு வெட்டி, ஃபிளாஷ் முகத்தின் அளவுக்குச் செய்த அட்டைச் சட்டத்துக்குள் நெருக்கமாக அடுக்கி ஒட்டினால், வெளிச்சம் பரவாமல் ஒடுக்கும் நல்ல கிரிட் தயார். துண்டு நீளமாக இருந்தால் ஒளிவட்டம் சுருங்கும். ஸ்ட்ராவை ஃபிளாஷின் கண்ணாடியில் ஒட்டிவைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் சூட்டில் உருகும். ஸ்ட்ராவுக்குப் பொறுமை இல்லையென்றால் கறுப்பு சார்ட்டை இருபது செமீ நீளக் குழாயாகச் சுருட்டி மாட்டுங்கள். பிறகு கேமரா இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஃபிளாஷின் முகப்பு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் லென்ஸுக்கும் தெரியும், நடுவில் ஓர் அட்டை மறைப்பு வையுங்கள்.

முகத்து விளக்கை அணைத்து இதை மட்டும் எரியவிட்டு ஒரு படம் எடுங்கள். கூந்தலின் ஓரத்திலும் தோளிலும் மட்டும் ஒரு கோடு வர வேண்டும். மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டு விழுந்தால் ஸ்டாண்டை இன்னும் பின்னுக்குத் தள்ளுங்கள். எண்ணெய் வைத்த கூந்தல் நிறையவே மின்னும், 1/64 போதும்.

மூன்றாவது: பின்னணி

ஆளின் முதுகுக்குப் பின்னால், தரையோடு ஒட்டிய குட்டி ஸ்டாண்டில், துணியைப் பார்த்து வையுங்கள். அகலமாகப் பரவ ஃபிளாஷின் வைட் பேனலை இழுத்து விடுங்கள். 1/32-இல் தலைக்குப் பின்னே மெல்லிய ஒளிவட்டம் கிடைக்கும். நாடக மேடை விளக்குக்குப் போடும் கலர் ஜெலட்டின் தாளை முன்னால் ஒட்டினால் அதே துணி நீலமாகவோ செம்மண் நிறமாகவோ மாறும். வண்ணம் அழுத்தமாக வர வேண்டுமானால் பவரைக் குறைக்க வேண்டும், கூட்டினால் வெளுக்கும்.

தூய வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் அது முகத்தைவிட ஒரு ஸ்டாப் அதிகமாக இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் துணியே ஒரு பெரிய விளக்காகிக் காதோரத்தையும் கன்னத்தையும் அரித்துத் தின்னும். மார்பளவுக்கு ஒரு ஃபிளாஷ் சமாளிக்கும். முழு உருவத்துக்கு வெள்ளை வேண்டுமானால் பின்னணியின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தேவை.

புடவை, முழு உருவம்

ஏபிஎஸ்-சி கேமராவில் 35 மிமீ லென்ஸ் வைத்தால் தலை முதல் பாதம் வரை எடுக்கப் பத்தடித் தூரம் வேண்டும். அறைக்குள் அது கிடைக்காது. வாசலுக்கு எதிர்ச்சுவரில் பின்னணியைக் கட்டி, கேமராவை நிலைப்படிக்கு வெளியே கூடத்தில் வையுங்கள்.

விளக்கு மூன்றடியில் இருந்தால் முகம் பளிச்சென்றும் கொசுவம் இருட்டாகவும் வரும். ஆறடிக்குத் தள்ளி உயர்த்துங்கள், மேலும் கீழும் சமமாகும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பதால் 1/8 என்பது 1/2 ஆக வேண்டும். அந்தப் பவரில் செல் சீக்கிரம் தீரும், காத்திருப்பும் கூடும். ஐ.எஸ்.ஓ-வை 200 ஆக்கி 1/4-இல் நில்லுங்கள். சரிகை கண்ணைப் பறிக்கும்படி வெளுத்தால் பவரைக் குறைப்பதால் பயனில்லை, விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சரிகை கண்ணாடி மாதிரி, விளக்கு விழும் கோணத்தில்தான் திருப்பி அடிக்கும்.

தவறும் இடங்கள்

ஒரு படம் சரி, அடுத்தது இருட்டு என்று மாறி மாறி வந்தால் ஃபிளாஷ் நிரம்பும் முன்பே அழுத்துகிறீர்கள். தயார் விளக்கு எரியும்வரை பொறுங்கள். பொறுத்தும் அப்படியே வந்தால் செல் மாற்றும் நேரம். முழு பவரில் முப்பது முறை அடுத்தடுத்து அடித்தால் பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் ஃபிளாஷ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு ஃபிளாஷ் மட்டும் அடிக்கவில்லையென்றால் சானல், குரூப், செல், உறக்க நிலை என்ற வரிசையில் பாருங்கள். எதுவுமே அடிக்கவில்லையென்றால் டிரிக்கர் ஹாட் ஷூவின் கடைசிவரை போகாமல் நிற்கிறது.

நான்காவதாகப் பழைய ஃபிளாஷ் ஒன்றை எஸ்1 நிலையில் சேர்த்தால், மற்றவற்றின் ஒளியைப் பார்த்துத் தானும் அடிக்கும், ரேடியோ தேவையில்லை. கேமராவில் ரெட்-ஐ குறைப்போ டிடிஎல்லோ இயங்கினால் முன்னோட்ட மின்னலுக்கே ஏமாந்து அடித்துவிடும். டிடிஎல் என்றால் முன்னோட்ட மின்னலைக் கண்டுகொள்ளாத எஸ்2-க்கு மாற்றுங்கள், ரெட்-ஐ குறைப்பை அணைத்துவிடுங்கள்.

ஃபிளாஷைக் கூரையில் அடித்து வெளிச்சத்தைத் திருப்பும்போது மின்விசிறி இறக்கைகள் குறுக்கே வந்து, படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். அந்த நேரம் மட்டும் விசிறி நிற்கட்டும்.

எல்லாம் சரியாக அமைந்ததும் ஸ்டாண்ட் கால்கள், ஸ்டூல், கேமரா நிற்கும் இடங்களைத் தரையில் இன்சுலேஷன் டேப்பால் குறியிடுங்கள். மூன்று பவர் எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை பத்து நிமிடத்தில் அதே வெளிச்சம் திரும்பக் கிடைக்கும். வேலை முடிந்தால் செல்களைக் கழற்றி, ஃபிளாஷ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கடலோர ஊர்களில் செல் தொடும் தகடுகள் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறையாவது எடுத்துச் செல் போட்டு, குறைந்த பவரில் தொடங்கிப் பத்துப் பதினைந்து முறை அடித்துவிட்டுத் திரும்ப வையுங்கள். பல மாதம் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் தளர்ந்துவிடும்.